தெரு யாருடையது, மனு யாருக்கு?

வீட்டு வாசலை மறித்து நிற்கும் கார், கடைக்கு முன்னால் இரட்டை வரிசையில் பைக்குகள், பள்ளி விடும் நேரத்தில் அடைத்துக்கொள்ளும் தெருமுனை, நள்ளிரவில் சுவர் அதிரப் போகும் டாரஸ் லாரி. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்றிருந்த உள்ளாட்சி மனுக்களின் பழைய வரிசையில் இவையும் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் பழைய மனுக்களுக்கும் இவற்றுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. குழாய் உடைந்தால் நகராட்சி ஆள் வந்து அடைத்துவிட்டுப் போகலாம். விளக்கு எரியாவிட்டால் பல்பை மாற்றினால் முடிந்தது. போக்குவரத்துச் சிக்கலை அப்படி ஒரே அலுவலகம் தீர்த்துவிட முடியாது. சாலை ஒரு துறையின் பெயரில் இருக்கும். அதில் ஓடும் வண்டியைத் தடுக்கவும் திருப்பவும் அதிகாரம் இன்னொரு துறையிடம் இருக்கும். வாகன நிறுத்தக் கட்டணம் மூன்றாவது இடத்தில் வசூலாகும்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் மனு அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கடைசியில் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு நின்றுவிடுகிறது. தென்காசியும் குற்றாலமும் இதை விளங்கிக்கொள்ள ஏற்ற ஊர்கள். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் இடைவெளியில், ஒன்று ஆண்டு முழுவதும் நெரியும் பஜார் நகரம். மற்றது சாரல் விழுந்ததும் நிரம்பும் சீசன் ஊர்.

தேர் ஓடிய வீதிகள்

தென்காசியின் நடுவில் இருப்பது காசி விசுவநாதர் கோயில். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயில் இது. அதைச் சுற்றி ரத வீதிகள், அவற்றை ஒட்டிச் சன்னதித் தெருக்கள், பஜார் என்று ஊர் வளர்ந்தது. தேர் திரும்புவதற்கு வேண்டிய அகலம் ரத வீதிகளுக்கு மட்டும் கிடைத்தது. உள்தெருக்கள் மாட்டுவண்டிக்கும் நடைக்கும் உரியவை. சரக்கு வேனும் காரும் வரும் என்று யாரும் நினைத்துப் போட்ட தெருக்கள் அல்ல.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தென்காசி நகராட்சியின் மக்கள்தொகை 70,545. அன்று அது திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகரம். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. சங்கரன்கோவில், கடையநல்லூர், சிவகிரி, ஆலங்குளம் மக்கள் மாவட்ட அலுவலக வேலையாகத் திருநெல்வேலிக்குப் போனது போய், தென்காசிக்கு வரத் தொடங்கினார்கள். 8 வட்டங்களின் வேலை ஒரே ஊரில் குவிந்தது; தெருவின் அகலம் பழைய அகலமாகவே நின்றது.

இதற்கு மேல் ஊடு போக்குவரத்து. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 ஊரைத் தொட்டுப் போகிறது. திருநெல்வேலிச் சாலையும் இங்கே வந்து சேர்கிறது. ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிப் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் கனிமவள லாரிகளைக் கட்டுப்படுத்தக் கோரி இந்த மாவட்டத்தில் பலமுறை போராட்டம் நடந்திருக்கிறது. ஊருக்குள் வேலையே இல்லாத வண்டி ஊருக்குள் வருவதைத் தடுக்கப் புறவழிச்சாலை வேண்டும் என்பது தென்காசியின் பல ஆண்டுக் கோரிக்கை.

நெரிசலை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டேப் போதும். 7 மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்ளலாம். ஒரு காரின் அகலம் சுமார் 1.75 மீட்டர், ஓரத்தில் விடும் இடைவெளியையும் சேர்த்தால் 2 மீட்டர் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் கார் நின்றால் மீதி 5 மீட்டர். இரண்டரை மீட்டர் அகலமுள்ள பஸ்ஸும் எதிரே ஆட்டோவும் தாராளமாக விலகிப் போகலாம். இரண்டு பக்கமும் கார் நின்றால் மீதி 3 மீட்டர்தான். பஸ் வந்தால் எதிரில் ஆம்புலன்ஸ் ஆனாலும் நிற்க வேண்டியதுதான். நின்றது என்னவோ கூடுதலாக ஒரே ஒரு கார். அது நிற்கும் நேரம் முழுவதும் அந்த இடத்தில் தெரு ஒரு தடத்தை இழந்துவிட்டது. "பத்தே நிமிஷம்தான் நிறுத்தினேன்" என்ற பதிலுக்கு எதிராகக் குடியிருப்போர் கையில் இருக்க வேண்டியது இந்தக் கணக்கு.

அருவியைப் பின்தொடரும் வண்டிகள்

குற்றாலத்தின் கதை வேறு. 8 வார்டுகள் கொண்ட சிறு பேரூராட்சி அது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம் அதன் சீசன். சனி, ஞாயிறு, ஆடி அமாவாசை, சாரல் விழா நாட்களில் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஐப்பசி மழையில் அருவி மறுபடியும் பெருகும். கார்த்திகை பிறந்தால் தை வரை சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் பஸ்களும் குளிப்பதற்காக இங்கே நிற்கும். உள்ளூர்த் தேவைக்கு அளந்து போட்ட சாலையில் வெளியூர்க் கூட்டம் வந்து இறங்குகிறது.

இங்கே நெரிசல் தண்ணீரின் போக்கில் நகரும். பேரருவியில் வெள்ளம் அதிகமாகிக் குளிக்கத் தடை விதித்தால் வண்டிகள் ஐந்தருவிக்கும் புலியருவிக்கும் திரும்பும். எல்லா அருவிகளிலும் தடை என்றால் வந்தவர்கள் உடனே ஊர் திரும்புவதில்லை. தடை நீங்கும் என்று காத்திருப்பார்கள். நிறுத்தத்திலிருந்து ஒரு வண்டியும் வெளியேறாது. புதிய வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். நிறுத்தம் நிரம்பியதும் வரிசை சாலைக்கு வரும், அங்கிருந்து குடியிருப்புத் தெருவுக்குள் நுழையும். தங்கும் விடுதிகளில் போதிய இடம் இல்லாவிட்டால் அவற்றின் வண்டிகளும் இதே தெருக்களில்தான் இரவைக் கழிக்கும்.

இந்த ஒரே நெரிசல் எத்தனை எல்லைகளைத் தாண்டுகிறது என்று பார்த்தால் மனுவின் சிக்கல் விளங்கும். தென்காசி நகராட்சியில் கிளம்பும் வண்டி மேலகரம் பேரூராட்சியைக் கடந்து குற்றாலம் பேரூராட்சிக்குள் வருகிறது. செங்கோட்டைப் பக்கமிருந்து வந்தால் இலஞ்சி பேரூராட்சி. பழைய குற்றாலம் அருவி இருப்பது ஆயிரப்பேரி ஊராட்சியில். மலை வனத்துறையுடையது, குற்றாலநாதர் கோயிலின் நிலம் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் வரும். ஒருவர் தன் எல்லைக்குள் வண்டியை ஒழுங்குபடுத்தினால் நெரிசல் அடுத்தவர் எல்லைக்கு இடம்பெயரும், அவ்வளவுதான். ஆகவே ஒரு பேரூராட்சிக்கு மட்டும் கொடுத்த மனு குற்றாலத்தில் பெரும்பாலும் பாதி மனுதான்.

அதிகாரம் எங்கே இருக்கிறது?

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த 12-ஆவது அட்டவணை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத் தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. அதில் 17-ஆவது இனத்தில் தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றோடு வாகன நிறுத்துமிடமும் இருக்கிறது. வண்டி நிறுத்த இடம் ஏற்படுத்துவது உள்ளாட்சியின் வேலை என்று மனுவில் எழுத இதுவே அடிப்படை.

ஆனால் "இங்கே நிறுத்தாதே" என்று சொல்லும் அதிகாரம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து வருகிறது. அதன் 115-ஆவது பிரிவு, குறிப்பிட்ட சாலையில் வண்டிகளைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கும் அது அதிகாரம் வழங்கிய அலுவலருக்கும் இடம் தருகிறது. ஒருவழிப்பாதை, கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு போன்றவை இதில் அடங்கும். 116-ஆவது பிரிவு அறிவிப்புப் பலகைகளைப் பற்றியது. 117-ஆவது பிரிவு வாகனம் நிறுத்தும் இடங்களை வரையறுக்கிறது. அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பைக் கலந்தே இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. மாவட்டங்களில் இந்த வேலை ஆட்சியரும் காவல் துறையும் சேர்ந்து நடத்துவது. உள்ளாட்சியின் தீர்மானம் அவர்களுக்கு ஆதாரமாகப் போய்ச் சேர வேண்டிய காகிதம். நகர்மன்றம் தானாக ஒரு தெருவை ஒருவழிப்பாதை ஆக்கிவிட முடியாது. ஆனால் நகர்மன்றம் கேட்காத ஒன்று நடக்க வெகுநாள் ஆகும்.

115-ஆவது பிரிவில் குற்றாலத்துக்கு முக்கியமான ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை. உள்ளூரில் தகுந்த விளம்பரம் போதும். திருவிழாவுக்கும் இரண்டு நாள் கூட்டத்துக்கும் இது கைகொடுக்கும். சீசனோ மூன்று மாதம். சீசன் முழுவதற்கும் நிலையான ஏற்பாடு வேண்டுமானால் முறையான அறிவிப்பாணை வேண்டும். அதற்குக் கோப்பு தயாராகக் காலம் பிடிக்கும்.

தவறாக நிறுத்திய வண்டியின் மேல் நடவடிக்கை எடுப்பது காவல் துறை. ஆபத்தாகவோ இடையூறாகவோ வண்டியை விட்டுச் செல்வதை 122-ஆவது பிரிவு தடுக்கிறது. தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியையும், பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளின்றிக் கிடக்கும் வண்டியையும் இழுத்துச் செல்ல 127-ஆவது பிரிவு வழிசெய்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு உயர்த்திய அபராதப்படி நோ பார்க்கிங் குற்றத்துக்கு முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய். நடைபாதை, பாதசாரிக் கடப்பு, சாலைச் சந்திப்பு ஆகிய இடங்களில் நிறுத்தக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. அங்கெல்லாம் தனிப் பலகை இல்லை என்பதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

மூன்றாவது கேள்வி, சாலை யாருடையது என்பது. நகராட்சித் தெருவென்றால் ஆணையாளர். பேரூராட்சித் தெருவென்றால் செயல் அலுவலர். மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர். தேசிய நெடுஞ்சாலை என்றால் அதற்குரிய பிரிவு. வேகத்தடை, சாலையோர வடிகால், ஆக்கிரமிப்பு அகற்றல் எல்லாம் இந்தச் சொந்தக்காரரைப் பொறுத்தவை. நெடுஞ்சாலையில் வேகத்தடை கேட்டு நகராட்சிக்கு எழுதிய மனுவில் நியாயம் இருந்தாலும், நகராட்சியால் அங்கே ஒரு கூடை தாரும் கொட்ட முடியாது.

நகராட்சியே செய்யக் கூடியவை

அதிகாரம் பல இடங்களில் இருக்கிறது என்பதால் உள்ளாட்சி கைகழுவிவிட முடியாது. அதன் கையிலேயே முழுதாக இருக்கும் வேலைகள் சில உண்டு. முதலாவது, கட்டட அனுமதி. 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், வணிகக் கட்டடம், விடுதி, திருமண மண்டபம் ஆகியவை தம் வளாகத்துக்குள்ளேயே வாகன நிறுத்தம் விட வேண்டும் என்கின்றன. ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம். வரைபடத்தில் வாகன நிறுத்தம் என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டு, அதே தரைத்தளத்தைக் கடையாகவோ குடோனாகவோ மாற்றுவது தமிழ்நாட்டு நகரங்களில் பழகிப்போன வழக்கம். அங்கே நிற்க வேண்டிய வண்டிதான் தெருவில் நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட கட்டடத்தின் அனுமதி வரைபடத்தையும் இன்றைய பயன்பாட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கோரும் மனு, நகராட்சி வேறு யாருக்கும் தள்ளிவிட முடியாத மனு.

இரண்டாவது, நடைபாதை. கடைக்காரர் படிக்கட்டையும் பெயர்ப்பலகையையும் வெளியே நீட்டினால் நடப்பவர் சாலையில் இறங்குவார். சாலை அந்த அளவுக்குக் குறுகும். மூன்றாவது, நகராட்சிக்குச் சொந்தமான காலி இடங்களை வாகன நிறுத்தம் ஆக்குவது. நான்காவது, சந்தைக்கு வரும் சரக்கு வண்டி எந்த நேரத்தில் இறக்கலாம் என்று வணிகர்களோடு பேசி ஒழுங்கு செய்வது. பஜார் நெரிசலில் பெரும்பங்கு காலை நேரத்துச் சரக்கிறக்கத்தால் வருவது என்பதைப் பஜார் தெருவில் குடியிருப்பவர்களே நன்கு அறிவார்கள்.

மனு போகும் வாசல்கள்

முதல் வாசல் வார்டு கவுன்சிலர். தென்காசி நகராட்சியில் 33 வார்டுகள். நகர்மன்றம் வழக்கமாக மாதம் ஒருமுறை கூடும். கூட்டத்துக்கு முன்பே கோரிக்கை பொருளாகச் சேர்ந்தால் தீர்மானமாக முடியும். கூட்டத்தில் வாய்மொழியாகப் பேசியது பெரும்பாலும் பேச்சோடு போய்விடும். இரண்டாவது வாசல் பகுதி சபை. நகர்ப்புறங்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று பகுதி சபைகள் கூடின. பழைய குற்றாலம் போல் ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை அது கூடுகிறது. கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய கோரிக்கைக்கு, தனி மனுவை விட மதிப்பு அதிகம்.

மூன்றாவது வாசல் ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். மனு கணினியில் பதிவாகி, எண்ணிட்ட சீட்டு கையில் கிடைக்கும். பிறகு அது உரிய துறைக்குப் போகும். பல துறைகள் சம்பந்தப்பட்ட போக்குவரத்துச் சிக்கலுக்கு இந்த வாசலே பொருத்தமானது. காவல், நெடுஞ்சாலை, உள்ளாட்சி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஆகியவற்றை ஒரே மேசையில் உட்கார வைக்க மாவட்டத்தில் ஆட்சியரால்தான் முடியும். அவர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவும் இயங்குகிறது. விபத்து நடக்கும் முனை, பள்ளி வாசல் போன்றவற்றை அந்தக் குழுவின் பார்வைக்கு வைக்கக் கேட்பது பயன் தரும். நேரில் போக முடியாதவர்களுக்கு 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது.

எங்கே கொடுத்தாலும் ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது. பொதுமக்கள் மனுவுக்கு 3 நாட்களுக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும் என்று 2015 செப்டம்பரில் தமிழக அரசு ஆணை பிறப்பித்திருக்கிறது. தீர்க்க முடியாது என்றால் காரணத்தோடு சொல்ல வேண்டும். ஒப்புகை இல்லாத மனுவுக்கு இந்தக் கெடு ஓடத் தொடங்குவதே இல்லை.

என்ன எழுதுவது?

வழக்கமாக வரும் மனு இப்படி இருக்கும்: "எங்கள் பகுதியில் போக்குவரத்து நெரிசல் மிகவும் அதிகமாக உள்ளது. பொதுமக்கள் பெரிதும் அவதிப்படுகிறார்கள். தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." இதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் செய்யச் சொன்னதும் எதுவும் இல்லை. இதைப் பெறும் அலுவலர் அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் தன் அளவில் தக்க நடவடிக்கை முடிந்துவிட்டது.

அதே தெருவின் மனு இப்படியும் எழுதப்படலாம்: "இத்தெருவின் கிழக்கு முனையிலிருந்து மேற்கே 40 மீட்டர் வரை, தென்புறத்தில், காலை 8 முதல் 10 மணி வரையும் மாலை 4 முதல் 6 மணி வரையும் வாகனம் நிறுத்தத் தடை விதித்து, இரண்டு அறிவிப்புப் பலகைகள் வைக்க வேண்டும். இத்தடையைப் பரிந்துரைத்து நகர்மன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்." இடம், பக்கம், நேரம், செய்ய வேண்டியது, செய்ய வேண்டியவர் எல்லாம் இதில் இருக்கின்றன. நிராகரித்தாலும் எதை நிராகரித்தார்கள் என்று சொல்லியாக வேண்டும்.

இதோடு இணைக்க வேண்டியவை சில. டேப் வைத்து அளந்த தெரு அகலம். ஒரு வாரம், குறித்த நேரங்களில் நின்ற வண்டிகளின் எண்ணிக்கை. நேரம் தெரியும் படங்கள். வாகன எண் தெரியும் படத்தைக் காவல் நிலையத்துக்குத் தரலாம். பொதுவில் பரப்ப வேண்டாம். கையெழுத்துத் தாளில் பெயரோடு கதவு எண்ணும் எழுதப்பட்டால், ஊரெல்லாம் சேர்த்த கையெழுத்தா, அந்தத் தெருவில் குடியிருப்பவர்களின் கையெழுத்தா என்ற சந்தேகம் எழாது. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். புறவழிச்சாலை, வேகத்தடை, சாக்கடை மூடி, நாய்த்தொல்லை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் எளிதான ஒன்றை முடித்துவிட்டு மனுவைத் தீர்ந்ததாகக் கணக்கில் காட்டிவிடுவார்கள்.

எதிர்மனுவும் நியாயமானதே

தெருவில் நிறுத்தத் தடை கேட்டு ஒரு மனு போனால், தடை வேண்டாம் என்று கடைக்காரர்களின் மனுவும் போகும். வாசலில் வண்டி நிறுத்த முடியாத கடைக்கு வாடிக்கையாளர் வரமாட்டார் என்பது அவர்களின் அச்சம். குற்றாலத்தில் இது இன்னும் கூர்மையானது. சீசன் கடைக்காரரும் ஆட்டோ, வேன் ஓட்டுநரும் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை அந்த மூன்று மாதத்தில்தான் பார்க்கிறார்கள். பழக்கடையும் சிப்ஸ் கடையும் எண்ணெய்க் கடையும் சாலையோரத்தில்தான் இருக்கும்.

சாலையோர வியாபாரிகளை நெரிசலின் பெயரால் ஒரே நாளில் அகற்றிவிட முடியாது. 2014-ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும்; அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்; இடமாற்றத்துக்கு 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். எனவே "கடைகளை அகற்று" என்ற மனுவை விட, விற்பனை மண்டலத்தை வரையறுக்கக் கோரும் மனு சட்டப்படி உறுதியானது.

நடைமுறையில் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. ஒரு பக்கம் மட்டும் நிறுத்துதல், நாள் விட்டு நாள் பக்கம் மாற்றுதல், பகலில் இருசக்கர வாகனத்துக்கு மட்டும் அனுமதி, காலை 9 மணிக்கு முன் சரக்கிறக்கம் போன்றவை பல ஊர்களில் நடப்பில் இருப்பவை. மனு கொடுக்கும் முன் எதிர்த்தரப்போடு பேசி, ஒப்புக்கொண்டதை இருவரும் கையெழுத்திட்டுக் கொண்டுபோனால் அலுவலருக்குத் தயங்கக் காரணம் இருக்காது.

பதில் வராவிட்டால்

ஒரு மாதம் கழிந்தும் அசைவில்லை என்றால் அடுத்த கருவி 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய்; 30 நாளில் பதில். ஏன் நடவடிக்கை இல்லை என்று வாதம் செய்வதைவிட ஆவணம் கேட்பது நல்லது. இந்தத் தெருவுக்கு வாகன நிறுத்தத் தடை அறிவிப்பாணை உண்டா, அதன் நகல், மனு எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, வாகன நிறுத்தக் குத்தகையின் நிபந்தனைகள் என்ன என்ற நான்கு கேள்விகள் போதும்.

பொதுவழியை நிலையாக மறித்திருக்கும் தடைகளுக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் போகும் வழியும் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. இந்தப் பிரிவின் பலத்தை நாட்டுக்குக் காட்டியது மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரம். அங்கே ஒரு வார்டின் குடியிருப்போர், திறந்த சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சகிக்க முடியாமல் உட்கோட்ட நடுவரிடம் போனார்கள். நகராட்சியைச் சரிசெய்யச் சொல்லி அவர் உத்தரவிட்டார். பணமில்லை என்று நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை வாதிட்டது. 1980 ஜூலையில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அடங்கிய அமர்வு அதை ஏற்க மறுத்தது. நிதி இல்லை என்பது அடிப்படைக் கடமையிலிருந்து தப்பிக்கும் வழியாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உள்ளாட்சிக்கு எதிராகக் குடியிருப்போர் தொடுக்கும் வழக்குகளில் இன்றும் அது மேற்கோள் காட்டப்படுகிறது.

கடைசி வாசல் 2004 ஜூலையில் தொடங்கிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அங்கே போகும்போதும் ஒப்புகையோடு கூடிய பழைய மனுதான் முதல் ஆதாரம். மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க அலுவலருக்குக் கெடு விதிப்பதே பல வழக்குகளில் கிடைக்கும் உத்தரவு. குற்றாலத்துக்கு நீதிமன்றம் புதிதல்ல. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை வந்தது மதுரைக் கிளையின் உத்தரவால்தான்.

சுற்றுலா நெரிசலுக்கு நீதிமன்றம் இன்னும் தொலைவு போனதும் உண்டு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றே வர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் அது நடப்புக்கு வந்தது. 2025 ஏப்ரலில், கோடைக்கு நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைக்கப்பட்டது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. குற்றாலத்தில் இதை அப்படியே பின்பற்ற முடியாது. ஊட்டிக்கு ஏறும் மலைப்பாதைகள் சில. குற்றாலத்துக்குத் தென்காசி, செங்கோட்டைப் பக்கங்களிலிருந்து சமவெளிச் சாலைகள் வருகின்றன. ஆனாலும் எத்தனை வண்டிகளை ஊர் தாங்கும் என்று முதலில் எண்ணிப் பார்ப்பது, உள்ளூர்வாசியின் வண்டியைத் தனியாக அடையாளம் காண்பது ஆகிய இரண்டும் குற்றாலத்துக்கும் பொருந்தும்.

மனுவால் ஆகாதது

எவ்வளவு நன்றாக எழுதினாலும் மனு தெருவை அகலமாக்காது. நாட்டில் வண்டிகள் பெருகும் வேகத்துக்கு நிறுத்துமிடம் கட்டிக் கொடுத்து மாளாது. ஜப்பானில் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் வாங்குபவர் அதை நிறுத்தத் தனக்கு இடம் இருக்கிறது என்பதற்குக் காவல் துறையின் சான்று காட்ட வேண்டும். இந்தியாவில் காரை வாங்கிய பிறகுதான் நிறுத்த இடம் தேடுகிறார்கள். அந்தப் பழக்கம் மாறாதவரை, தெரு என்பது இலவச நிறுத்துமிடம் என்ற எண்ணமும் மாறாது. மனு கொடுக்கும் குடியிருப்பின் வண்டிகளும் அதே தெருவில் நிற்கின்றன என்பதை அலுவலர் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

குற்றாலத்தின் சிக்கலுக்கு நிலையான வழி ஊருக்கு வெளியே நிறுத்துவதுதான். வெளியூர் வண்டிகளை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து அருவிகளுக்குச் சிற்றுந்து விட வேண்டும். இதற்கு நகராட்சி, பேரூராட்சிகள், ஊராட்சி ஆகிய எல்லோரும் ஒரே தீர்மானத்துக்கு வர வேண்டும். தனித்தனியாக நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் வரை யாரும் தங்கள் எல்லைக்குள் வரும் வண்டியை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கட்டண வருமானத்தைப் பங்கிடும் ஏற்பாட்டை ஆட்சியர் மட்டத்தில் பேசி முடிக்காமல் இந்தத் திட்டம் நகராது. தென்காசியில் புறவழிச்சாலையும் அதேபோல் அரசு மட்டத்தில் நடக்க வேண்டிய காரியம். ஒரு தெருவின் மனுவால் அது வராது. பல அமைப்புகளின் தொடர்ந்த தீர்மானங்களால் வரலாம். சிறிய கோரிக்கையை வார்டிலும் பெரிய கோரிக்கையை மாவட்டத்திலும் வைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் இருப்பதுதான் நெடுநாள் மனுக்காரர்களின் அனுபவ அறிவு.

காலமும் முக்கியம். உள்ளாட்சிகளின் குத்தகைகள் பொதுவாக ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிபவை. வாகன நிறுத்தக் குத்தகைக்கு என்ன நிபந்தனை வேண்டும், உள்ளூர் வண்டிக்கு விலக்கு உண்டா, நிரம்பியதும் நுழைவை மூட வேண்டுமா என்பவற்றை ஏலத்துக்கு முன்பே கேட்டாக வேண்டும். ஒருவழிப்பாதை அறிவிப்பாணைக்கும் இரண்டு மூன்று மாதம் முன்கூட்டியே கோப்பு கிளம்ப வேண்டும். சீசன் ஜூனில் தொடங்குகிறது. ஜூலையில் நெரிசலில் நின்றுகொண்டு எழுதும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும். தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் குடியிருப்போர் சங்கங்கள் தங்கள் மனுவை ஜனவரியிலேயே எழுதத் தொடங்குவது நல்லது.